நாய் கடித்தவரிடம் நாயின் தடுப்பூசி அட்டை கேட்டு ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம்

நாய்களைப் பற்றிய இலங்கைச் சட்டங்கள் மிகப் பழையவை. விசர்நாய்க்கடிச் சட்டம் 1893இலும், நாய்ப் பதிவுச் சட்டம் 1901இலும், விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1907இலும் வந்தவை. கட்டாக்காலி நாய்களைக் கொல்வதை 2006இல் அரசு கைவிட்டு, தடுப்பூசிக்கும் கருத்தடைக்கும் மாறியது. அது சரியான முடிவு. ஊசி போட்ட நாய் ஊரையும் காக்கிறது. ஆனால் அந்த ஊசி ஒழுங்காகப் போடப்படாத இடத்தில், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அலைவது கடிபட்ட மனிதர்தான்.

விசர்நாய்க்கடித் தடுப்பூசி அரச வைத்தியசாலையில் இலவசம். கிராம உத்தியோகத்தரின் கடிதமோ பொலிஸ் முறைப்பாடோ அதற்குத் தேவையில்லை. நோய்க்குறி தொடங்கிய பிறகு மருந்து பலிக்காது என்பதால், வேறு எந்தக் காகிதத்துக்காகவும் காத்திருக்காதீர்கள்.

கடித்த உடனே காயத்தைச் சவர்க்காரம் போட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மிளகாய்த்தூள், கோப்பித்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். விஷக்கடி வைத்தியரிடம் போய் ஒரு நாளைப் போக்கடிக்கவும் வேண்டாம்.

அலைச்சல் தொடங்குவது சிறிய வைத்தியசாலையில். காயம் ஆழமாக இருந்தால், அல்லது தலை, முகம், கழுத்து, விரல் நுனி போன்ற இடத்தில் இருந்தால், தடுப்பூசியோடு, ஆயத்தமான எதிர்ப்புச் சக்தியை உடனே கொடுக்கும் நோயெதிர்ப்புச் சீரமும் தேவைப்படும். குதிரையின் இரத்தத்திலிருந்து எடுத்த சீரம் என்றால் முதலில் ஒவ்வாமைச் சோதனை செய்து, பிறகும் கண்காணிக்க வேண்டும். அதனால் திருகோணமலை மாவட்டத்தில் வெருகலிலோ புல்மோட்டையிலோ இருப்பவரைப் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பிவிடுவார்கள். அனுப்புவதில் பிழையில்லை. வாய்ச்சொல்லோடு அனுப்புவதுதான் பிழை. கடித்த நேரம், காயத்தின் தன்மை, ஏற்கெனவே கொடுத்த மருந்து ஆகியவற்றை எழுதிய துண்டு இல்லாமல் அங்கிருந்து நகராதீர்கள். துண்டு இல்லாதவர் திருகோணமலைக்கு வந்து மறுபடியும் வெளிநோயாளர் வரிசையின் கடைசியில் நிற்கிறார். இரவிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ கடித்திருந்தால், கிளினிக் திறக்கட்டும் என்று வீட்டில் இருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

அடுத்த கேள்வி, “நாய்க்கு ஊசி போட்டதா?” என்பது. இதில் மாட்டிக்கொள்பவர்கள் நிறையப் பேர். அயல்வீட்டுக்காரர் “போட்டிருக்கிறோம்” என்பார், நாய்க்கு ஊசி போட்ட திகதிகளைக் குறித்த அட்டை இருக்காது. சிலர் உள்ளூராட்சி சபையில் நாயைப் பதிந்த பற்றுச்சீட்டைக் காட்டுவார்கள்; அது பதிவுக்கான சான்று, ஊசிக்கானது அல்ல. ஒரே ஒரு தடவை போட்டதும் போதாது. குறைந்தது இரண்டு ஊசிகள், அவற்றுக்கிடையே இரண்டு ஆண்டுக்கு மேற்படாத இடைவெளி, கடைசி ஊசி கடிக்கு முந்திய ஓராண்டுக்குள் என்று அட்டையில் இருக்க வேண்டும். நாயும் ஆரோக்கியமாக, கண்ணெதிரே இருக்க வேண்டும். அப்போதுதான் மருத்துவர் சிகிச்சையை நிறுத்திவைத்து நாயை 14 நாள் கவனிக்கச் சொல்லலாம். அட்டை இல்லையென்றால் ஊசி போடாத நாய் என்றே கொள்ள வேண்டும். “அட்டையைக் கொண்டு வாருங்கள், பிறகு பார்க்கலாம்” என்ற பதிலை ஏற்றுக்கொண்டு வீடு திரும்பாதீர்கள். பிள்ளையின் உயிர் அயல்வீட்டாரின் அலுமாரியில் இருக்கும் ஒரு காகிதத்தில் தொங்கக் கூடாது.

ஆத்திரத்தில் நாயை அடித்துக் கொன்று புதைப்பது பெரிய தவறு. உயிரோடு கட்டிவைத்துக் கவனித்தால் உண்மை தெரியும். நாய் தானாகச் செத்துவிட்டால் உடனே பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குச் சொல்லுங்கள். தலையைப் பனிக்கட்டியில் வைத்துக் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்பிப் பரிசோதிக்க வழியுண்டு. முடிவு வரும்வரை ஊசியை நிறுத்தாதீர்கள்.

பூனை கடித்தாலும் இதே கவனம் தேவை. நாய்க்குட்டி கீறியதை அடிக்குப் பயந்து பிள்ளைகள் மறைப்பார்கள், திட்டாமல் கேளுங்கள். கர்ப்பிணிக்கு இந்த ஊசி கூடாது என்பது பொய். தொப்புளைச் சுற்றிப் போடும் ஊசி எப்போதோ போய்விட்டது. இப்போது கையில்தான் போடுகிறார்கள். கடித்துப் பல வாரங்கள் போயிருந்தாலும் வெட்கப்படாமல் போங்கள்.

பலர் கோட்டைவிடுவது மீதி ஊசிகளில். ஊசி ஒருநாளோடு முடியாது. முதல் நாள், 3ஆம், 7ஆம், 30ஆம் நாள் என்று நீளும் அட்டவணைகள் உண்டு. கூலி வேலைக்குப் போகும் தாய் ஒவ்வொரு தடவையும் நகரத்துக்கு வந்துபோக பஸ் காசும் ஒருநாள் சம்பளமும் இழக்கிறாள். மூன்றாம் தடவை வராமல் விட்டால் அவளைக் குறை சொல்கிறார்கள். முதல் நாளே கேளுங்கள்: மீதி ஊசிகளை மூதூர், கிண்ணியா, கந்தளாய் போன்ற பக்கத்து வைத்தியசாலையில் போட முடியுமா? முடியுமென்றால் திகதிகளோடு எழுதி வாங்குங்கள்.

“இன்று மருந்து இல்லை” என்றால், எங்கே இருக்கிறது என்று அவர்களையே தொலைபேசியில் விசாரித்துச் சொல்லச் சொல்லுங்கள். மறுத்தால் திகதியையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, அன்றே வேறு வைத்தியசாலைக்குப் போங்கள். முறைப்பாட்டைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கு எழுத்தில் கொடுக்கலாம். அதை ஊசி போட்ட பிறகு எழுதுங்கள்.