வேலூரில் கருங்கல், ஸ்ரீபெரும்புதூரில் களிப்பாறை

வேலூர்ப் பக்கம் போர் போட்டால் சீக்கிரமே கருங்கல் வந்துவிடும். சுற்றியுள்ள மலைகளும் அதே இனம்தான்: சார்னோக்கைட், நைஸ் எனப்படும் கெட்டிப் பாறைகள். வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகள். சென்னை நெடுஞ்சாலையில் கிழக்கே சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி, ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் இலைத் தடம் பதிந்த களிப்பாறையும் மணற்கல்லும் கிடைக்கின்றன. டைனோசர் காலத்துச் சேறு அது. இந்தியாவும் அண்டார்டிகாவும் பிரிந்த காலத்தில் இழுபட்டு இறங்கிய பாலாற்றுப் படுகையின் நிரப்பு மண்.

கண்டத்தை இருபுறமும் இழுத்தால் பூமியின் மேலோடு மெலியும். அதன் மேற்பகுதி குளிர்ந்து விறைத்திருப்பதால் நீளாமல் உடைகிறது. உடைந்த பாளம் சாய்வான பிளவு வழியே வழுக்கி இறங்குகிறது. பாடப்புத்தகப் படத்தில் இரண்டு பக்கமும் பிளவு, நடுவில் சமமாக இறங்கிய பள்ளம் இருக்கும். அழகான படம்தான், ஆனால் நிஜத்தில் பெரும்பாலும் ஒரு பக்கப் பிளவுதான் பெரிதாக வளர்கிறது. ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கிய மாட்டு வண்டி மாதிரி தரை அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். அதனால் படிவு பிளவை ஒட்டித் தடித்தும், எதிர்ப்பக்கம் போகப்போக மெலிந்தும் ஆப்பு வடிவில் சேரும்.

சரி, அவ்வளவு மண் எங்கிருந்து வருகிறது? பிளவை ஒட்டி நிற்கும் உயரமான சுவரிலிருந்து என்றுதான் யாருக்கும் தோன்றும். அங்கிருந்து வருவது கொஞ்சம்தான். பாளம் இறங்க இறங்க, சுவர்ப்பக்கம் பாரம் குறைந்து மேலெழுந்து, பின்பக்கமாகச் சாய்கிறது. அதில் பெய்யும் மழையில் பெரும்பகுதி படுகைக்கு முதுகைக் காட்டி ஓடிவிடும். செங்குத்தான ஓடைகள் உருட்டிவரும் கல்லும் சரளையும் மட்டும் சுவரடியில் விசிறிபோலக் குவியும். பெரிய ஆறுகள் சரிவான எதிர்ப்பக்கமாகவோ, படுகையின் நீளவாக்கிலோ, ஒரு பிளவு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியிலோ நுழைகின்றன. எண்ணெய் தேடுபவர்கள் நல்ல மணற்கல்லுக்காக இந்த இடைவெளிகளை விடாமல் தேடுவது இதனால்தான்.

தரை இறங்கும் வேகம் மண் நிரம்பும் வேகத்தை முந்தினால் ஆழமான ஏரி, அடியில் களிமண். ஆறு கொண்டுவரும் மண் முந்தினால் ஏரி தூர்ந்து மணல்வெளி. இதே மாதிரிப் பிளவில் உருவான ரஷ்யாவின் பைக்கால் ஏரியில் இன்னும் இறக்கம்தான் முந்துகிறது: 1,642 மீட்டர் தண்ணீர், அதற்கும் கீழே பல கிலோமீட்டர் படிவு. படிந்த மண்ணின் எடையும் தரையை மேலும் அழுத்துவதால், ஆழமில்லாத நீரில் சேர்ந்த மணல்கூட கிலோமீட்டர் கணக்கில் அடுக்கடுக்காக ஏற முடிகிறது.

கண்டங்கள் முழுதாகப் பிரிந்ததும் பிளவுகள் பெரும்பாலும் ஓய்ந்துவிடும். அப்புறம் சூடு தணிந்து மேலோடு மெதுவாகத் தாழ, புதிய படிவு மேடு பள்ளம் பாராமல் எல்லாவற்றையும் மூடுகிறது. காவிரி டெல்டாவின் தட்டையான வயல்களுக்கு அடியில் இப்படிப் புதைந்த மேடுகளும் பள்ளங்களும் வரிசையாக இருக்கின்றன. நில அதிர்வு ஆய்விலும் ஆழ்துளைக் கிணற்றிலும்தான் அவை தெரியவந்தன.