முதலில் தூக்கிவிட்டு, அப்புறம் அமுக்கும் காற்று

கோடை மழை பிடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் ஜில்லென்று ஒரு காற்று வந்து கொடியில் காயும் துணியையெல்லாம் புரட்டிப் போடுமே, அது எங்கிருந்து வருகிறது? மேகத்திலிருந்துதான். விழும் மழைத்துளிகளில் ஒரு பங்கு வழியிலேயே ஆவியாகிறது, சுற்றியுள்ள காற்று குளிர்ந்து கனத்துப்போய் மழையோடு சேர்ந்து கீழே இறங்குகிறது. ஒரு வாளித் தண்ணீரை மொட்டை மாடியில் கவிழ்த்தால் என்ன ஆகும்? நாலா பக்கமும் சிதறி ஓடும். காற்றும் அப்படித்தான்.

இதுவே சில கிலோமீட்டர் அகலத்துக்குள், சில நிமிடங்களில் மூர்க்கமாக நடந்தால் அதற்கு மைக்ரோபர்ஸ்ட் என்று பெயர்.

1985 ஆகஸ்ட் 2, மாலை ஆறு மணி தாண்டியதும், டெல்டா 191 விமானம் அமெரிக்காவின் டல்லாஸ்-ஃபோர்ட் வொர்த்தில் இறங்க வந்தபோது இதற்குள்தான் நுழைந்தது. முன்னால் போன சின்ன ஜெட் விமானம் மழையைத் தாண்டி இறங்கிவிட்டது. டெல்டாவுக்கு முதலில் கிடைத்தது எதிர்க்காற்று. எதிர்க்காற்று என்றால் இறக்கைமேல் கூடுதல் காற்று ஓடும், வேகமானி ஏறும், விமானம் தானாக மேலே எழும்பும். விமானி என்ன செய்வார், இன்ஜின் விசையைக் குறைப்பார். இதில்தான் வினையே இருக்கிறது. அடுத்த சில நொடிகளில் மேலிருந்து அமுக்கும் காற்று, அதைத் தாண்டினால் பின்னாலிருந்து தள்ளும் காற்று. தரையைப் பொறுத்த வேகம் அப்படியே இருந்தாலும் இறக்கைமேல் ஓடும் காற்று சட்டென்று குறைந்துவிடும். தூக்கும் விசை வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால் வேகம் 150 நாட்டிலிருந்து (நாட் என்பது விமான வேகத்தின் அலகு) 120 ஆனால்கூட விசையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். ஜெட் இன்ஜினோ, த்ராட்டிலைத் தள்ளியவுடன் பாய்கிற சமாச்சாரம் இல்லை, முழு விசைக்கு வரச் சில நொடிகள் பிடிக்கும்.

இத்தனைக்கும் வேகம் ஏறியபோதே, இது திடீரென்று போய்விடும் என்று கேப்டன் எச்சரித்திருந்தார். போகத்தான் செய்தது. ரன்வேக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போதே விமானம் வயலில் தட்டி எழும்பி, நெடுஞ்சாலையில் ஒரு காரை இடித்து, தண்ணீர்த் தொட்டிகளில் மோதியது. கார் ஓட்டியவரையும் சேர்த்து 137 பேர் இறந்தார்கள்.

மைக்ரோபர்ஸ்டைக் கண்டுபிடித்தவர் டெட்ஸுயா ஃபுஜிட்டா என்ற வானிலை விஞ்ஞானி. 1945இல் நாகசாகி, ஹிரோஷிமா இடிபாடுகளை நேரில் ஆராய்ந்தவர் அவர். அங்கே குண்டு வெடித்த இடத்துக்கு நேர்கீழேயிருந்து வெளிப்பக்கமாக மரங்கள் சாய்ந்திருந்ததைப் பார்த்தவருக்கு, 1974இல் அமெரிக்கச் சூறாவளிகளுக்குப் பிறகு காடுகளில் அதே நட்சத்திரக் கோலம் தெரிந்தது. இவ்வளவு வலுவான காற்று மேலிருந்து வருமா என்று வெகுநாள் பல வானிலை நிபுணர்கள் நம்பவே இல்லை. டெல்டா விபத்துக்குப் பிறகுதான் விமான மூக்கிலேயே டாப்ளர் ரேடார் வைத்து, முன்னால் வரும் மழைத்துளிகள் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்று பார்க்கும் வேலை மும்முரமானது.

இப்போது இறங்கும்போது காற்றில் மாட்டிக்கொண்டால் விமானிகள் யோசித்துக்கொண்டு இருப்பதில்லை. முழு விசை, மூக்கு மேலே. சக்கரங்களைக்கூட உள்ளே இழுப்பதில்லை, ஏனென்றால் சக்கரக் கதவு திறக்கும் அந்தக் கணத்தில் இழுவை இன்னும் கூடிவிடும்.