இரவு பத்து மணிக்கு உங்கள் வீட்டில் என்ன நடக்கிறது?

ஒரே வீட்டிலிருந்து மூன்று பேர் ஒரே நாளில் கிளினிக்குக்கு வந்திருந்தார்கள். அம்மம்மாவுக்கு மருந்து எடுத்தும் பிரசர் இறங்கவில்லை. பதினாறு வயதுப் பேத்திக்குத் தலையிடி, களைப்பு. படிக்க உட்கார்ந்தால் அழுகை வருகிறதாம். மருமகன் கடற்றொழில் செய்பவர், அவருக்குச் சீனி ஏறியிருக்கிறது. (ஆட்களை அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன். திருகோணமலை சின்ன ஊர். உவர்மலையில் தும்மினால் திருக்கடலூரில் நூறாயுசு என்பார்கள்.)

முன்பெல்லாம் நான் "என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்றுதான் தொடங்குவேன். எல்லோரும் நல்ல பிள்ளைகளாகக் குரக்கன் புட்டு, கீரை, மீன் என்று ஒப்புவிப்பார்கள். இப்போது கேள்வியை மாற்றிவிட்டேன்: இரவு பத்து மணிக்கு உங்கள் வீட்டில் யார் யார் முழித்திருக்கிறீர்கள், என்ன செய்கிறீர்கள்? இதற்குப் பொய் சொல்ல யாருக்கும் தோன்றுவதில்லை.

அம்மம்மாவிடம் கேட்டேன். மகன் டொரொண்டோவில். அவர் வேலை முடிந்து வீட்டுக்கு வரும் மாலை ஆறு மணி என்பது நமக்கு விடியப்புறம் மூன்றரை, அங்கே பனிக்காலமென்றால் நாலரை. "அந்த நேரத்தில் உங்களை எழுப்புகிறாரா?" என்றேன். "இல்லை டொக்டர், அவன் எடுப்பானெண்டு நான்தான் முழிச்சிருக்கிறன்" என்றார். மகன் கிழமைக்கு ஒரு தடவைதான் எடுக்கிறார். அம்மா ஏழு நாளும் காத்திருக்கிறார். பிறகு பகலில் இரண்டு மணி நேரம் தூங்கி, இரவில் நித்திரை வராமல், எங்கோ வாங்கிய நித்திரைக் குளிசையில் பாதி போடுகிறார்.

நித்திரையில் நமது இரத்த அழுத்தம் பத்து முதல் இருபது வீதம் வரை இயல்பாக இறங்கும். இதயத்துக்கும் இரத்தக் குழாய்களுக்கும் கிடைக்கிற ஓய்வு அதுதான். நித்திரை துண்டு துண்டானால் அந்த இறக்கம் சரியாக நடக்காது. குளிசையோ இந்த வயதில் வேறு ஆபத்து: சாமத்தில் பாத்ரூமுக்கு எழும்பும்போது தலை சுற்றி விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். இன்னொன்று. வயதானவர்கள் "தனியாக இருக்கிறது மாதிரி இருக்கு" என்று வைத்தியரிடம் சொல்வது அபூர்வம். நெஞ்சு படபடக்குது, கால் உளையுது, பசி இல்லை என்றுதான் சொல்வார்கள். ஈசிஜி சரியாக இருந்தால் "ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிடுகிறோம். நானும் அப்படி அனுப்பியிருக்கிறேன்.

பேத்தியின் இரவு வேறு. டியூசன் எட்டு மணிக்கு முடிகிறது, சாப்பாடு ஒன்பதரைக்கு, அப்புறம் கொப்பியும் போனும் மாறி மாறி ஒரு மணி வரை. விடிய ஐந்தரைக்கு எழும்ப வேண்டும். ஆக நாலரை மணித்தியாலம். இந்த வயதுக்குத் தேவை எட்டிலிருந்து பத்து. பெற்றோர் இதைச் சோம்பல் என்றும் போன் பைத்தியம் என்றும் சொல்கிறார்கள். பாதிதான் சரி. பருவ வயதில் நித்திரையைக் கொண்டுவரும் மெலடோனின் சுரப்பே பிந்தித்தான் தொடங்கும். பத்து மணிக்குப் படு என்றால் அந்த உடம்பு உடனே கேட்காது. அதற்கு மேல் போன் வெளிச்சமும் சேர்ந்தால் இன்னும் தள்ளிப்போகும். நித்திரை குறைந்த பிள்ளைக்குக் கோபமும் அழுகையும் சட்டென்று வரும். அதைக் கள்ளம் என்று ஏசாதீர்கள். இரண்டு கிழமைக்கு மேலும் நீடித்தாலோ, "இருந்து என்ன பயன்" என்கிற மாதிரிப் பேச்சு வந்தாலோ காத்திருக்க வேண்டாம், 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எடுக்கலாம்.

அவளுக்கு இரத்தச் சோகையும் இருந்தது. காலையில் வெறும் தேத்தண்ணி, மத்தியானம் சோறு சாப்பிட்ட கையோடு மறுபடி தேத்தண்ணி. சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு உறிஞ்சவிடாமல் தேயிலை தடுக்கும். தேத்தண்ணியை விடச் சொல்லவில்லை, சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரமாவது தள்ளிவைக்கச் சொன்னேன்.

புலமைப்பரிசில் பரீட்சைக்காகப் பத்து வயதுப் பிள்ளையை நாலரைக்கு எழுப்பும் வீடுகளுக்கும் ஒரு வார்த்தை: அந்த வயதுக்கு ஒன்பது மணித்தியாலத்துக்குக் குறையக் கூடாது. படித்தது மனதில் பதிவதே நித்திரையில்தான்.

சரி, மருமகன். இரவெல்லாம் கடலில் இருப்பவரிடம் "நேரத்தோடு படுங்கள்" என்று சொன்னால் சிரிப்பார். கடலில் முழித்திருக்க வெற்றிலையோடு புகையிலை. கரையில் முழித்திருக்க நாளுக்கு ஆறு பிளேன்டீ, ஒவ்வொன்றுக்கும் மூன்று கரண்டி சீனி. பதினெட்டுக் கரண்டி என்றால் 70 கிராமுக்கு மேல். உலக சுகாதார நிறுவனம் நல்லதென்று சொல்லும் அளவு 25 கிராம். நித்திரைக் குறைவும் தன் பங்குக்குப் பசியைக் கூட்டி, இன்சுலினின் வேலையைக் கெடுக்கும். அவரிடம் மூன்று விரல்களை நிமிர்த்தி ஒன்றன் மேல் ஒன்றாக வாய்க்குள் வைக்கச் சொன்னேன். இரண்டுதான் போயிற்று. காரம் எரிகிறது என்றும் சொன்னார். வாயின் உட்தோல் இறுகத் தொடங்கிவிட்டது. இலங்கை ஆண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். புகையிலையை விட்டுவிட்டு வெறும் பாக்கு போடுகிறேன் என்பவர்களும் தப்ப முடியாது, பாக்கே புற்றுநோயை உண்டாக்கும். அவரைப் பல் வைத்தியரிடம் அனுப்பினேன். பகல் நித்திரைக்கு யன்னலில் கறுப்புத் துணி, ஒன்பது மணியிலிருந்து மூன்று மணி வரை வீட்டில் டிவி இல்லை. சீனியை முதலில் இரண்டு கரண்டியாக்கினோம். ஒரேயடியாக நிறுத்தச் சொன்னவர்கள் எல்லோரும் பத்தாம் நாள் பழையபடி வந்ததால் இந்தப் பேரம்.

டொரொண்டோ மகனிடம் போனில் நானே பேசினேன். அவர் வேலைக்குப் புறப்படும் காலை எட்டரை இங்கே மாலை ஆறு. இப்போது ஞாயிறும் புதனும் அந்த நேரத்தில் எடுக்கிறார், அம்மம்மா விளக்கு வைத்துவிட்டு முன் விறாந்தையில் காத்திருக்கிறார். குளிசையை மெதுவாகக் குறைத்து வருகிறோம். பேத்தியின் போன் பதினொரு மணிக்கு ஹோலில் வைக்கப்படுகிறது, சண்டையோடுதான்.

இந்த மூவரையும் கூட்டிவந்தவர் அந்த வீட்டு அம்மா. நாற்பத்தொரு வயது. மகள் படிக்கும் வரை ஒரு மணிக்குத் தேத்தண்ணி ஊற்றுபவர், நான்கு மணிக்குப் புருஷன் கரை சேரும்போது எழும்புபவர். அவரிடம் கிளினிக் கொப்பியே இல்லை. "எனக்கென்ன டொக்டர், நான் நல்லாத்தானே இருக்கிறன்" என்றார். பிரசர் பார்த்தேன், 158க்கு 98. ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களில் முப்பத்தைந்து தாண்டியவர்களுக்கு இந்தச் சோதனை இலவசம் என்று சொன்னதற்கு, "அங்க போறதுக்கு எனக்கு எங்க நேரம்?" என்று கேட்டார். அன்றைக்கு நான்காவது கொப்பி ஒன்று திறந்தோம்.