தோன்த்தெரீயா: யாருடைய விஷயத்தைச் சொல்கிறோம்?

ஸ்பானிஷ் படிக்க ஆரம்பித்த சில மாதங்களிலேயே மாணவர்கள் வாயில் ஒட்டிக்கொள்ளும் சொல் ‘தோன்த்தெரீயா’. அபத்தம், உளறல், கிறுக்குத்தனம் எல்லாம் இதற்குள் அடங்கும். கெட்ட வார்த்தை இல்லை, வீட்டுப் பெரியவர்களே சாதாரணமாகச் சொல்வார்கள். அதனாலேயே யோசிக்காமல் எல்லா இடத்திலும் எடுத்துவிடுகிறார்கள். சென்னையில் ஸ்பானிஷ் வாடிக்கையாளர்களிடம் போனில் பேசும் வேலைக்குப் போகிறவர்களுக்கு நான் பாடம் எடுக்கிறேன். அவர்கள் இதைக் கவனித்தே ஆக வேண்டும்.

முதலில் உச்சரிப்பு. நம் நாக்குக்கு ‘த’ இயல்பாக வரும், அது பெரிய வசதி. ஆனால் தமிழில் ‘ந்’ என்ற ஒலிக்குப் பிறகு வரும் ‘த’ தானாக மெலிந்துவிடும். ‘பந்து’ என்று சொல்லிப் பாருங்கள். அந்தப் பழக்கத்தில் சொன்னால் கேட்பவருக்குச் சட்டென்று புரியாது. ‘பத்து’ என்பதில் வரும் வல்லின ஒலி வேண்டும். அழுத்தம் ‘ரீ’யில்.

உளறினால் ‘தெசிர் தோன்த்தெரீயாஸ்’, கிறுக்குத்தனமாக ஏதாவது செய்தால் ‘அசெர் தோன்த்தெரீயாஸ்’. இதை எல்லாரும் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள். தடுக்கிவிழுவது இன்னொரு பொருளில்: அற்ப விஷயம், ஒன்றுமில்லாத விஷயம். ‘போர் ஊனா தோன்த்தெரீயா’ சண்டை போட்டார்கள் என்றால், ஒன்றுமில்லாததற்குச் சண்டை போட்டார்கள் என்று அர்த்தம். பரிசு கொடுக்கும்போது “எஸ் ஊனா தோன்த்தெரீயா” என்பார்கள். “ஏதோ சின்னதா வாங்கிட்டு வந்தேன்” என்று நாம் சொல்வோமே, அதே தன்னடக்கம்.

வகுப்பில் வாடிக்கையாளர் அழைப்பை நடித்துப் பார்ப்போம். நான் வாடிக்கையாளராக, “ஆ லோ மெஹோர் எஸ் ஊனா தோன்த்தெரீயா, பேரோ...” என்று தொடங்குவேன். ‘இது அசட்டுக் கேள்வியாக இருக்கலாம், ஆனால்...’ என்ற தயக்கம் அது. ஸ்பானிஷ் பேசுபவர்கள் கேள்வி கேட்கும் முன் அடிக்கடி இப்படிச் சொல்வார்கள். மாணவர், “சரி, சொல்லுங்க” என்ற நினைப்பில் “ஸீ, ஸீ” என்பார். வாடிக்கையாளர் காதில் அது “ஆமாம், அசட்டுக் கேள்விதான்” என்று விழும். அங்கே சொல்ல வேண்டியது “நோ, நோ, பாரா நாதா”, அதாவது “சேச்சே, அப்படியெல்லாம் இல்லை”. அப்புறம்தான் “தீகாமெ”, சொல்லுங்கள்.

நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: உங்கள் பரிசை, உங்கள் சந்தேகத்தை, உங்கள் பயத்தை இந்தச் சொல்லால் தாராளமாகக் குறைத்துச் சொல்லுங்கள். அடுத்தவருடையதை, நெருக்கம் இல்லாமல், தொடாதீர்கள். தோழி அழும்போது “எஸ் ஊனா தோன்த்தெரீயா” என்று தேற்றப் பார்த்தால், “இதுக்கெல்லாமா அழுவாங்க?” என்று உதறித் தள்ளுவது போலக்கூட ஆகிவிடும். அலுவலகக் கூட்டத்தில் இன்னொருவர் யோசனையை அப்படிச் சொன்னால் அவமதிப்பு. “நோ எஸ்தோய் தெ அக்வெர்தோ”, எனக்கு உடன்பாடில்லை, என்பது போதும். மாறாக, யோசனை நன்றாக இருந்தால் “நோ எஸ் நிங்கூனா தோன்த்தெரீயா” என்று சொல்லிப் பாருங்கள். ‘இது லேசுப்பட்ட விஷயமில்லை’ என்ற மரியாதை அதில் இருக்கிறது.

நாட்டுக்கு நாடு வேறு சொற்களும் உண்டு. அர்ஜென்டினாவில் ‘பவாதா’, கொலம்பியாவில் ‘போபாதா’ காதில் விழும். இவை பாதகமில்லை. வெப் தொடர்களில் பாத்திரங்கள் இதே பொருளில் கத்தும் வேறு சில சொற்கள் பச்சையான வசவுகள்; அர்த்தம் தெரிந்துகொள்ளுங்கள், வேலையிடத்தில் வேண்டாம். எதிரில் பேசுபவர் எந்த நாட்டுக்காரர் என்று தெரியாதபோது தோன்த்தெரீயாவே நல்லது, எங்கேயும் புரியும்.