அட்டைப்பெட்டியில் 16 பேஸ் என்று போட்டிருந்தால் போதுமா? ஓவர்கிளாக் செய்ய போர்டும் ரேமும் வாங்குவோர் கவனத்துக்கு

ஓவர்கிளாக் செய்யப் போகிறேன், அதாவது கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டப் போகிறேன் என்று வருகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் பிராசசரை முடிவு செய்துவிடுகிறார்கள். மிச்சக் காசில் மதர்போர்டு, அதிலும் மிஞ்சினால் ரேம் என்பதுதான் அவர்கள் கணக்கு. சர்வீஸுக்குத் திரும்பி வரும் சிஸ்டங்களைப் பார்த்தால் பிராசசரில் குறை இருப்பது அபூர்வம். போர்டு தாங்கவில்லை, அல்லது அந்தப் போர்டுக்கு அந்த ரேம் ஒத்துவரவில்லை என்பதுதான் வழக்கமான கதை. போர்டையும் ரேமையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கிறோம் என்று நினைப்பதிலிருந்துதான் தொல்லை ஆரம்பிக்கிறது. அது ஒரே முடிவு.

சிப்செட் (போர்டின் கட்டுப்பாட்டுச் சில்லு, போர்டின் வரிசைப் பெயர் அதிலிருந்துதான்) விஷயத்தைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். இன்டெல்லில் பிராசசரின் வேகத்தைக் கூட்ட மாடல் பெயரின் முடிவில் கே இருக்க வேண்டும், போர்டு இசட் வரிசையாக இருக்க வேண்டும்: இசட்690, இசட்790, இசட்890. பி660, பி760 போர்டுகளில் ரேமை மட்டும் கூட்டலாம். எச்610-இல் அதுவும் முடியாது. ஏஎம்டியில் நிலைமை தாராளம். ரைசன் பிராசசர்கள் அநேகமாக எல்லாமே திறந்தவை. பி550, பி650, பி850 போன்ற நடுத்தரப் போர்டுகளே போதும். ஏ520, ஏ620 வாங்கினால் பிராசசரைத் தொட முடியாது, ரேமைக் கூட்டலாம். 5800எக்ஸ்3டி, 7800எக்ஸ்3டி இரண்டிலும் மல்டிப்ளையர் (வேகத்தைத் தீர்மானிக்கும் பெருக்கெண்) பூட்டியிருக்கும், 9800எக்ஸ்3டி-யில்தான் திறந்துவிட்டார்கள். கே பிராசசரை பி760-இல் போட்டுவிட்டு "கே-க்கு ஏன் காசு கொடுத்தேன்" என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

இனி விஆர்எம், அதாவது போர்டில் பிராசசருக்கு மின்சாரம் தரும் பகுதி. காசு போக வேண்டிய இடம் இதுதான். பவர் சப்ளையிலிருந்து வருவது 12 வோல்ட். பிராசசருக்கு வேண்டியதோ சுமார் ஒன்றேகால் வோல்ட். இந்த இறக்கத்தைச் செய்வது சாக்கெட்டைச் சுற்றி ஹீட்சிங்க்குக்கு அடியில் இருக்கும் பவர் ஸ்டேஜ்கள். கூட்டப்பட்ட பிராசசர் 250 வாட் இழுத்தால், 1.25 வோல்ட்டில் அது 200 ஆம்பியர். அவ்வளவு மின்னோட்டத்தை அந்தச் சின்னச் சில்லுகள் பங்கிட்டு நிமிடத்துக்கு நிமிடம் தள்ள வேண்டும். அதில் பத்தில் ஒரு பங்கு வெப்பமாக வீணானாலும் 25 வாட். நாங்கள் மேஜையில் வைத்திருக்கும் சின்ன சால்டரிங் அயர்ன் அதே 25 வாட்தான். அதை போர்டின் ஒரு மூலையில் படுக்கவைத்துவிட்டு மணிக்கணக்காக வீடியோ ரெண்டர் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதனால் பெட்டியில் 14+2, 16+1 பேஸ் (மின்சாரத்தைப் பங்கிட்டுத் தரும் வழிகள்) என்று போட்டிருப்பதை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். ஒவ்வொரு ஸ்டேஜும் எத்தனை ஆம்பியர் தாங்கும் என்பது முக்கியம். 90 ஆம்பியர் ஸ்டேஜ் பத்து வைத்த போர்டு, 50 ஆம்பியர் ஸ்டேஜ் பதினான்கு வைத்த போர்டைவிட நிம்மதியாக ஓடும். சில போர்டுகளில் ஒரே சிக்னலை இரண்டாகப் பிரித்துக் கொடுத்துவிட்டு அதையும் பேஸ் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். அதற்கடுத்து ஹீட்சிங்க்கைப் பாருங்கள். மேலே பளபளப்பான பிளாஸ்டிக் மூடி இருந்தால் அதற்குக் கீழே எவ்வளவு அலுமினியம் இருக்கிறது, காற்று நுழைய வெட்டுகள் இருக்கின்றனவா என்று கவனியுங்கள். போர்டைக் கையில் எடுத்தாலே கனம் ஓரளவு சொல்லிவிடும்.

நம் ஊர் விஷயம் ஒன்று உண்டு. விமர்சன வீடியோக்களில் காட்டும் வெப்ப அளவுகள் பெரும்பாலும் ஏசி அறையில், திறந்த மேடையில் எடுத்தவை. சித்திரை வெயிலில் ஏசி இல்லாத அறை 35 டிகிரியில் இருக்கும். வீடியோவில் 85 காட்டிய விஆர்எம் இங்கே மூடிய கேபினட்டில் 100-ஐத் தொடுவதில் ஆச்சரியமில்லை. அந்த எல்லைக்குப் போனதும் போர்டு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள பிராசசரின் வேகத்தைக் குறைத்துவிடும். நீங்கள் 5.6 கிகாஹெர்ட்ஸ் வைத்திருப்பீர்கள். இருபது நிமிட லோடுக்குப் பிறகு 4.2-இல் ஓடிக்கொண்டிருக்கும். எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் விஆர்எம் மாஸ் என்ற வரியைப் பாருங்கள். விலை குறைந்த சில போர்டுகளில் அந்த சென்சாரே கிடையாது, அது ஒரு குறிப்பு. லிக்விட் கூலர் போடுகிறவர்கள் இன்னொன்றையும் மறந்துவிடுகிறார்கள்: கீழ்நோக்கி ஊதும் சாதாரணக் கூலர் விஆர்எம் மேல் கொஞ்சம் காற்றைத் தள்ளும், லிக்விட் கூலர் தள்ளாது. கேபினட்டின் பின்பக்கமும் மேலும் ஃபேன் வைக்காமல் 360 மில்லிமீட்டர் ரேடியேட்டர் வாங்கி என்ன பயன்?

போர்டுகள் நம்மைக் கேட்காமலே ஓவர்கிளாக் செய்யும் பழக்கத்தையும் சொல்ல வேண்டும். 13900கே, 14900கே பிராசசர்களுக்கு இன்டெல் சொன்ன உச்ச வரம்பு 253 வாட். பல இசட் போர்டுகள் பயாஸில் (போர்டின் அடிப்படை மென்பொருள்) அந்த இடத்தில் 4096 வாட் என்று வைத்து, அதாவது வரம்பே இல்லாமல், அனுப்பின. 13, 14-ஆம் தலைமுறை பிராசசர்கள் கேம் நடுவில் செத்துவிழும் பிரச்சினை 2024-இல் பெரிதாக வெடித்தபோது, பிராசசர் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்பதும் காரணம் என்று இன்டெல் ஒப்புக்கொண்டது. அந்த ஆகஸ்டில் 0எக்ஸ்129 மைக்ரோகோட் (பிராசசருக்கான திருத்த அப்டேட்) வந்தது, பிறகு 0எக்ஸ்12பி. வாரண்டியையும் இரண்டு ஆண்டு நீட்டினார்கள். ஏற்கெனவே சேதமான பிராசசரை எந்த அப்டேட்டும் சரிசெய்யாது. எனவே செகண்ட் ஹேண்டில் 13900கே மலிவாகக் கிடைக்கிறது என்றால் எதற்கு மலிவு என்று யோசியுங்கள். ஏஎம்டி பக்கமும் நடந்தது. 2023-இல் சில ரைசன் 7000எக்ஸ்3டி பிராசசர்கள் சாக்கெட்டோடு கருகின. எக்ஸ்போ (ரேமை அதன் பெட்டியில் எழுதிய வேகத்தில் ஓட்டும் ஏஎம்டி அமைப்பு) போட்டதும் சில போர்டுகள் எஸ்ஓசி வோல்டேஜை (பிராசசருக்குள் மெமரி கன்ட்ரோலர் இருக்கும் பகுதிக்குப் போவது) எகிறவைத்தன. பிறகு ஏஎம்டி அதை 1.3 வோல்ட்டோடு கட்டிப்போட்டது. இரண்டு தரப்புக்கும் ஒரே பாடம்தான்: போர்டு வந்தவுடன் முதல் வேலை பயாஸ் அப்டேட். பிராசசரும் ரேமும் இல்லாமலே பென்டிரைவிலிருந்து அப்டேட் செய்யும் பயாஸ் ஃபிளாஷ்பேக் பட்டன் இருக்கிற போர்டாக வாங்குங்கள்.

ரேமுக்கு வருவோம். எக்ஸ்எம்பி (எக்ஸ்போவின் இன்டெல் வகை), எக்ஸ்போ என்று நாம் சாதாரணமாக ஆன் செய்கிறோமே, அதுவே ஓவர்கிளாக்தான். 6000 என்று எழுதிய டிடிஆர்5 ரேம் அதைப் போடாவிட்டால் 4800-இலோ 5600-இலோ ஓடும். இன்றைய பிராசசர்கள் கம்பெனியிலிருந்தே எல்லைக்கு அருகில் வருவதால், மல்டிப்ளையரைக் கூட்டிக் கிடைப்பதைவிட நல்ல ரேமில் கிடைக்கும் லாபம் பல கேம்களில் அதிகம்.

வேகத்தை மட்டும் பார்க்காதீர்கள், சிஎல் எண்ணையும் (ரேம் பதில் தர எடுக்கும் சுற்றுகள்) பாருங்கள். சிஎல்லை 2000-ஆல் பெருக்கி வேகத்தால் வகுத்தால் நானோசெகண்டில் தாமதம் வரும். 6000 சிஎல்30 என்றால் 10. அதே 6000-இல் சிஎல்40 என்றால் 13.3. பழைய டிடிஆர்4 3200 சிஎல்16-உம் அதே 10தான். ரைசன் 7000-க்கு 6000 சிஎல்30 என்பது ஏஎம்டியே பரிந்துரைத்த வேகத்தில் வரும் ரேம். அங்கே மெமரியும் மெமரி கன்ட்ரோலரும் ஒரே தாளத்தில் ஓடும். 6400-க்கு மேல் போனால் பெரும்பாலும் கன்ட்ரோலர் பாதி வேகத்துக்கு இறங்கிவிடும், காசு கொடுத்துத் தாமதத்தை வாங்கியதாகிவிடும். இன்டெல்லில் 7200-க்கும் அதற்கு மேலும் போகலாம், ஆனால் அது போர்டின் லேயர்களையும் ஸ்லாட்டுகளையும் பொறுத்தது. இரண்டே ஸ்லாட் உள்ள போர்டுகள் நான்கு ஸ்லாட் போர்டுகளைவிட மேலே போகும். டிடிஆர்4 போட்ட பி660, பி760-காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கே இல்லாத பிராசசர்களில் சிஸ்டம் ஏஜென்ட் வோல்டேஜ் (மெமரி கன்ட்ரோலருக்குப் போவது) பூட்டியிருப்பதால் 3600 ரேம் கியர் 1-இல் (ரேமும் கன்ட்ரோலரும் ஒரே வேகத்தில் ஓடும் நிலை) நிற்காமல் போகலாம்.

நான்கு ஸ்டிக் ஆசையை விட்டுவிடுங்கள். வீடியோ எடிட்டிங் செய்யும் ஒரு தம்பி, ரைசன் 7000 சிஸ்டத்தில் 16 ஜிபி இரண்டு போட்டு 6000-இல் நன்றாக ஓட்டிக்கொண்டிருந்தார். சில மாதம் கழித்து அதே மாடலில் இன்னொரு ஜோடி வாங்கிச் செருகினார். எக்ஸ்போ போட்டால் டிஸ்ப்ளே வரவில்லை. வந்தாலும் எக்ஸ்போர்ட் நடுவில் நின்றது.

"அண்ணா, ரெண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாடல்தானே?"

"மாடல் ஒண்ணுதான் தம்பி, உள்ளே சிப் ஒண்ணுன்னு யார் சொன்னது? அதோட, நாலு ஸ்டிக் போட்டா ஏஎம்டி சொல்ற வேகம் 3600தான்."

ஒரே மாடல் பெயரில் வேறு வேறு தொகுப்பில் சாம்சங், ஹைனிக்ஸ், மைக்ரான் என்று சிப் மாறலாம். கோர்செயர் ஸ்டிக்கரில் இருக்கும் வெர்ஷன் எண்ணே இதைக் காட்டிக்கொடுக்கும். அந்தத் தம்பி நான்கையும் விற்றுவிட்டு 32 ஜிபி இரண்டு உள்ள ஒரே கிட்டாக வாங்கினார், பிரச்சினை தீர்ந்தது. ஆரம்பத்திலேயே எவ்வளவு தேவை என்று யோசித்து ஒரே பெட்டியில் இரண்டாக வாங்குவதே மலிவு. செருகுவது பிராசசரிலிருந்து இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில். முதலாவதிலும் மூன்றாவதிலும் செருகிவிட்டு ரேம் மோசம் என்று திட்டுகிறவர்கள் இன்றும் வருகிறார்கள்.

வாங்குமுன் போர்டு கம்பெனியின் தளத்தில் கியூவிஎல் என்ற, அவர்கள் சோதித்துப் பார்த்த ரேம்களின் பட்டியலைத் திறந்து, ரேம் ஸ்டிக்கரில் உள்ள முழுப் பார்ட் எண்ணையும் தேடுங்கள். கடைக்காரர் "எல்லாம் ஒத்துக்கும் சார்" என்பார். பட்டியலில் இல்லாதது ஓடவே ஓடாது என்றில்லை, ஆனால் ஓடாவிட்டால் நீங்கள் தனியாள்.

ஏஎம்5 (ரைசன் 7000 முதல் வந்த சாக்கெட்) போர்டை முதன்முதலாக ஆன் செய்யும்போது பல நிமிடம் திரை கருப்பாகவே இருக்கும். மெமரி ட்ரெய்னிங், அதாவது போர்டு ரேமுக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்வது, நடக்கிறது, பொறுங்கள். பயந்துபோய் ஸ்விட்சை அணைத்து அணைத்துப் போட்டு, போர்டு செத்துவிட்டது என்று தூக்கிவருகிறவர்கள் நிறைய.

சோதனையின் வரிசையும் முக்கியம். எக்ஸ்போ போட்டபின், விண்டோஸ் ஏற்றுவதற்கு முன்பே, பென்டிரைவிலிருந்து மெம்டெஸ்ட்86 ஓட்டுங்கள். இலவசப் பதிப்பு நான்கு சுற்று தரும். ஒரு எரர் வந்தாலும் தோல்விதான். கெட்ட ரேமோடு ஏற்றிய விண்டோஸின் கோப்புகளில் எங்கே கறை படிந்திருக்கிறது என்று பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியாது. பிரவுசர் டேப் காரணமில்லாமல் மூடும், ஜிப் ஃபைல் விரிய மறுக்கும். ராத்திரி டெஸ்ட் பாஸ் ஆனது, மத்தியானம் கேமில் மட்டும் நிற்கிறது என்றால் கிராபிக்ஸ் கார்டின் சூடான காற்று ரேம் மேல் அடிக்கிறதா என்று சந்தேகப்படுங்கள். டிடிஆர்5 ஸ்டிக்கிலேயே வெப்ப சென்சார் உண்டு, கேம் ஓடும்போது அதைப் பாருங்கள். 60 டிகிரியைத் தாண்டினால் வோல்டேஜைக் குறைத்து, வேகத்தில் ஒரு படி இறங்குவதே புத்திசாலித்தனம்.

வாரண்டி விஷயம். வரம்புக்கு மேல் ஓட்டியதால் வந்த சேதத்துக்கு இன்டெல்லும் சரி ஏஎம்டியும் சரி பொறுப்பேற்பதில்லை. எக்ஸ்எம்பியும் எக்ஸ்போவும் அந்தக் கணக்கில்தான் வரும். ரேம் கம்பெனிகள் தாராளம், ஆனால் கிட்டில் ஒரு ஸ்டிக் போனாலும் பெரும்பாலும் இரண்டையும் சேர்த்தே கேட்பார்கள். எனவே பெட்டி, பில், ஸ்டிக்கர் மூன்றையும் பத்திரமாக வையுங்கள். ரேம் திரும்பி வரும்வரை சிஸ்டம் ஓட, பழைய ஸ்டிக் ஒன்று கையில் இருப்பதும் நல்லது.