பழைய நெல்லைக் கழுவும் விதம்

"பொருந்தல் நெல்லுக்கு கி.மு. 490 என்று வயது சொல்கிறார்களே, அத்தனை காலம் மண்ணில் கிடந்ததில் பிற்கால அழுக்கு சேர்ந்திருக்காதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. பழனிக்குப் பக்கத்தில் இருக்கும் பொருந்தலில் தொல்லியல் பேராசிரியர் கா. ராஜன் குழுவினர் தோண்டியபோது, ஈமக்குழியில் நான்கு கால் ஜாடிக்குள் ஏறக்குறைய 2 கிலோ நெல் இருந்தது. அதில் கொஞ்சம் அமெரிக்காவின் மியாமியிலுள்ள ஆய்வகத்துக்குப் போய், வயது தெரிந்து வந்தது.

உயிர் போனபின் நெல்லில் குறைந்துகொண்டே போகும் கதிரியக்கக் கார்பனான கார்பன்-14 பாதியாகக் குறைய 5730 ஆண்டுகள் ஆகும், அது பள்ளியில் படித்ததுதான். எவ்வளவு மிச்சம் என்று எண்ணினால் வயது வந்துவிடும். ஆனால் 2500 வருஷத்துப் பொருளில் இன்றைய கார்பன் நூற்றில் ஒரு பங்கு கலந்தாலே வயது 30 ஆண்டு போலக் குறையும், 40,000 வருஷத்துப் பொருளென்றால் 33,000 என்று காட்டிவிடும்.

அதனால் முதலில் நுண்ணோக்கியின் கீழே வைத்து, இடுக்கியால் சல்லிவேர்களை எடுக்கிறார்கள். அப்புறம் இளஞ்சூடான நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். ஒட்டியிருக்கும் சுண்ணாம்பு நுரைத்துக் கரைந்துவிடும். அடுத்தது காஸ்டிக் சோடா, அமிலத்துக்கு எதிரான காரம். மட்கிய இலைதழைகளிலிருந்து மழைநீரோடு இறங்கி உள்ளே ஊறிய ஹியூமிக் அமிலம் இதில்தான் கரையும். தண்ணீர் டிகாஷன் மாதிரி கருக்கும். வடித்து, புதிதாக ஊற்றி, நிறம் இறங்குவது நிற்கும்வரை திரும்பத் திரும்பச் செய்கிறார்கள்.

அழுக்கு போய்விட்டது, சரி, அப்புறம் எதற்கு மறுபடி அமிலம்? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். காரம் காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொள்ளும். அதாவது பழைய அழுக்கை எடுத்த அதே தண்ணீர், கழுவிக்கொண்டிருக்கும்போதே இன்றைய காற்றின் கார்பனை, அதுவும் கார்பன்-14 குறையாத புத்தம்புதுக் கார்பனை, கார்பனேட்டாக நெல்லுக்குள் கொண்டுபோய் வைக்கிறது! கடைசி அமிலம் அதை மறுபடி வாயுவாக்கி வெளியே தள்ளுகிறது. இந்த ஒரு படியை விட்டால் முந்தைய உழைப்பெல்லாம் வீண்.

மிச்சத்தை எரித்து, வரும் வாயுவை கிராஃபைட் என்னும் திடக் கார்பனாக்கி, அதிலுள்ள கார்பன்-14 அணுக்களை எண்ணுகிறார்கள். ஒரு மில்லிகிராம் கார்பன் போதும். நொய்ந்த தானியமோ காரத்தில் முழுதாகவே கரைந்துபோகலாம், அதனால் அங்கே காரத்தின் செறிவையும் சூட்டையும் குறைப்பார்கள்.

ஆய்வகம் எவ்வளவு கழுவினாலும் தோண்டும் இடத்தில் கவனம் வேண்டும். மாதிரியைப் பஞ்சிலோ காகிதத்திலோ சுற்றக்கூடாது, இரண்டும் இந்தக் காலத்துச் செடிதான்; அலுமினியத் தாள் நல்லது. வயது அறிவிப்புக்குக் கிடைக்கும் கைதட்டலில் கொஞ்சமாவது, குழியருகே மண்ணைத் தண்ணீரில் கரைத்து மிதக்கும் கரித்துண்டுகளையும் விதைகளையும் பொறுக்கும் தாவரத் தொல்லியல் ஆட்களுக்குச் சம்பளமாகப் போகவேண்டும் என்பது என் கருத்து.