‘மேஜர் ரிவிஷன்’ என்பதற்குப் பெருந்திருத்தம்

ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பியவருக்குப் பல மாதக் காத்திருப்பின் பின் வரும் விடை பெரும்பாலும் ‘மேஜர் ரிவிஷன்’ என்பதாகவே இருக்கும். அது ஏற்பும் அன்று, மறுப்பும் அன்று. இதழின் வேண்டுகோளின்படி கட்டுரையை மதிப்பிடும் துறை அறிஞர்களாகிய மதிப்பாய்வாளர்கள் எழுப்பிய தடைகளைத் தீர்த்து மாற்றி எழுதினால் மீண்டும் பரிசீலிக்கலாம் என்பதே அதன் பொருள்.

லத்தீனில் ‘ரெ’ என்பது மீண்டும் என்றும், ‘விசெரே’ என்பது சென்று பார்த்தல் என்றும் பொருள்படும். இவை இணைந்த வினை பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் புகுந்தது. நம் பள்ளிகளில் இதே ரிவிஷனைத் ‘திருப்புதல்’ என்கிறோம். ஆனால் திருப்புதலில் பாடம் மாறுவதில்லை, படிப்பவரே அதை மறுபடி படிக்கிறார். ஆய்வுலகிலோ எழுத்தே மாறவேண்டும். ‘மீளாய்வு’ என்றால், அச்சொல்லை ரிவியூவுக்கும் பலர் ஆள்வதால், ஆய்ந்தவர் செயலும் எழுதியவர் செயலும் ஒன்றாகக் குழம்பிவிடும்.

‘திருத்தம்’ என்பதே தக்க சொல். அச்சுப்பிழை நீக்கும் சிறுபணியாக அது இன்று சுருங்கித் தோன்றினாலும், காடு திருத்திக் கழனியாக்குதல் என்னும் வழக்கை நினைத்தால் அதன் முழு வலிமை விளங்கும். மரத்தை வெட்டி, கல்லைப் பெயர்த்து, மேடுபள்ளத்தைச் சமன்செய்து நிலத்தையே வேறாக்கும் உழைப்பு அது. ஆகவே மேஜர் ரிவிஷனைப் பெருந்திருத்தம் என்றும், மைனர் ரிவிஷனைச் சிறுதிருத்தம் என்றும் தயங்காமல் சொல்லலாம்.

பெருந்திருத்தம் ஒரு கட்டுரையின் முடிவையே புரட்டக்கூடும். 1936இல் ஐன்ஸ்டைனும் நேதன் ரோசனும், ஈர்ப்பலைகள் (காலவெளியில் பரவும் ஈர்ப்பின் அதிர்வுகள்) இருக்க இயலாது என்னும் முடிவுடன் ‘பிசிக்கல் ரிவியூ’ இதழுக்கு ஒரு கட்டுரை அனுப்பினர். பிழை சுட்டிய மதிப்பாய்வு அறிக்கையுடன் அது திரும்பி வந்தது. அச்சிடுமுன் இதழாசிரியர் அதைப் பிறருக்குக் காட்டியதற்குச் சினந்த ஐன்ஸ்டைன் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அறிக்கை எழுதியவர் ஹோவர்ட் ராபர்ட்சன் என்பது மிகப் பிற்காலத்தில்தான் உறுதியாயிற்று. அவரே பின்னர் ஐன்ஸ்டைனின் உதவியாளர் இன்ஃபெல்டிடம் நேரில் பேசிப் பிழையை விளக்கினார். 1937இல் பிராங்கிளின் நிறுவன இதழில் கட்டுரை வெளிவந்தபோது, உருளை வடிவ ஈர்ப்பலைகளுக்குத் தீர்வு உண்டு என்று அதன் முடிவு தலைகீழாகியிருந்தது. சினம் நியாயமானதோ இல்லையோ, திருத்தம் மெய்யானது.

திருத்திய கட்டுரையுடன் இணைத்து அனுப்பும் பதில் மடலுக்கு நம் உரைமரபிலேயே ஒரு சொல் இருக்கிறது என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. தொல்காப்பியப் பாயிரம், அந்நூல் அதன் அரங்கேற்றத்தைக் கேட்ட புலவர் அதங்கோட்டாசானுக்கு ‘அரில்தபத் தெரிந்து’, அதாவது குற்றமற ஆராய்ந்து, உரைக்கப்பட்டது என்கிறது. அவர் எழுப்பிய கடாக்களுக்கெல்லாம் தொல்காப்பியர் விடை கூறினார் என இதனை விளக்குகிறார் உரையாசிரியர் நச்சினார்க்கினியர். கடா என்பது தடையாக எழுப்பும் வினா. அதற்குரிய மறுமொழி விடை. மதிப்பாய்வாளரின் ஒவ்வொரு கடாவையும் அவர் சொல்லிலேயே எடுத்தெழுதி, அதன்கீழ் என்ன மாற்றினோம், எந்தப் பக்கத்தில் மாற்றினோம், உடன்படாத இடத்தில் ஏன் மாற்றவில்லை என்று காரணத்தோடு எழுதும் அம்மடலைக் ‘கடாவிடை’ என்றே அழைக்கலாம்.